பழுது ஏதும் காணப்படவில்லை

சுங்கைப் பட்டாணிக்குள் நுழையும் சாலையில் ஒரு சமிக்ஞை விளக்கு இருக்கிறது. அது சிவப்புக்கு மாறியபோது எனக்கு முன்னால் ஒரு மோட்டார் சைக்கிள் நின்றது. ஓட்டியவருக்கும் பின்னால் இருந்த பெண்ணுக்கும் நடுவில் ஒரு குழந்தை. அதன் தலையைவிடத் தலைக்கவசம் பெரியது. நான் பிரேக்கை மிதித்தேன். கார் நிற்கவில்லை.

இன்னும் அழுத்தினேன். என்ஜின் ஒரு முறை உறுமியது. பிரேக் போன வண்டி அப்படித்தான் உறுமும்போல என்று நினைக்கக்கூட அந்த நொடியில் இடம் இருந்தது, அதுதான் ஆச்சரியம். ஸ்டீயரிங்கை இடப்பக்கம் ஒடித்து, கைப்பிரேக்கை மேலே இழுத்தேன். கார் சாலையோரக் கல்லில் ஏறி, புல்லில் சறுக்கி, புது வீடுகள் விற்பனைக்கு என்று அறிவித்துக்கொண்டிருந்த ஒரு பலகையின் காலுக்குச் சற்று முன்னால் நின்றது. மோட்டார் சைக்கிளில் இருந்தவர்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. விளக்கு பச்சையானதும் போய்விட்டார்கள். தங்களுக்கு என்ன நடக்க இருந்தது என்று தெரியாமலேயே மனிதர்கள் பிழைத்துப்போகிறார்கள்.

என் மனைவி கத்தவில்லை. காலடியில் விழுந்திருந்த தன் பையைக் குனிந்து எடுத்தாள். போர்வை, ரொட்டி, மருந்து எல்லாம் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்தாள்.

"என்னங்க, மெதுவாப் போங்க. மெஷின நமக்காகப் புடிச்சு வச்சிருப்பாங்க" என்றாள்.

மெஷின் என்றால் டயாலிசிஸ் இயந்திரம். ஒன்று விட்டு ஒரு நாள் அவளை எங்கள் ஊரான செமிலிங்கிலிருந்து சுங்கைப் பட்டாணிக்கு அழைத்துப்போக வேண்டும். நான்கு மணி நேரம் அவளுடைய இரத்தம் அந்த இயந்திரத்தின் வழியாகப் போய் வரும். பிறகு வீட்டுக்கு அழைத்துவர வேண்டும். வீட்டில் நாங்கள் இருவர் மட்டும்தான். ஒரே மகன் கோலாலம்பூரில் இருக்கிறான், வானத்தில் பாதி தூரத்தில் ஓர் அடுக்குமாடி வீட்டில். அவன் எப்போதும் சொல்வது ஒன்றுதான்: "உங்களால வண்டி ஓட்ட முடியிற வரைக்கும் அங்க இருங்கப்பா. அதுக்கப்புறம் இங்க வந்துடணும்." என் மனைவிக்கு அங்கே போக விருப்பமில்லை. சுங்கைப் பட்டாணியில் அவளுக்கு ஊசி குத்தும் தாதியருக்கு அவளுடைய நரம்பு பழக்கம். புது ஊரில் புதுக் கைகள் அந்த நரம்பைத் தேடும் என்ற நினைப்பே அவளுக்குக் காய்ச்சல் வரவழைக்கும்.

ஆகவே கார் ஓடாமல் நின்றால் செமிலிங் வீடும் எங்களுக்கு நிலைக்காது. இதை நாங்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டதில்லை.

நான் அரசாங்க வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன். ஒரு மாவட்ட அலுவலகத்தின் வாகனங்களைப் பழுதுபார்க்க அனுப்புவதும், அதற்கான கோப்புகளைப் பார்ப்பதும்தான் கடைசிவரை என் வேலை. ஒரு ஜீப்புக்கு வைப்பர் வாங்குவதற்குக்கூட மூன்று இடத்தில் விலை கேட்க வேண்டும் என்பது விதி. ஓட்டுநர் புகார் எழுதுவார், பட்டறை சோதித்துக் கருத்து எழுதும், நான் காரணம் எழுதுவேன். பட்டறை "பழுது ஏதும் காணப்படவில்லை" என்று எழுதிவிட்டால் காரணத்துக்கு உரிய கட்டத்தில் எழுத ஒரே ஒரு சொல்தான் மிச்சம் இருக்கும்: ஓட்டுநர். இது யார் மீதும் உள்ள கோபத்தால் அல்ல. வண்டி சரியாக இருந்தால் வேறு யாரைச் சொல்வது?

அதனால்தான் மறுநாள் நான் காரை, வாங்கிய நிறுவனத்தின் சேவை மையத்துக்கே கொண்டுபோனேன். சுங்கைப் பட்டாணியில் கண்ணாடிச் சுவர்களோடு இருக்கும் பெரிய கட்டடம். அங்கே கார் உள்ளே போகும், நீங்கள் காரோடு போக முடியாது. உங்களை ஒரு குளிரூட்டிய அறையில் உட்காரவைத்துக் காப்பி கொடுப்பார்கள். அந்தக் காப்பிக்கு விலை இல்லை. அதைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் உண்டு. உழைப்புக்கு மணிக்கணக்கில் ஒரு விலை, சோதிப்பதற்கு ஒரு விலை, சோதித்து ஒன்றும் இல்லை என்று கண்டுபிடிப்பதற்கும் அதே விலை.

சேவை ஆலோசகர் ஓர் இளம் மலாய்ப் பெண். மிகவும் மரியாதையானவர். நான் வாசலில் நுழைந்ததும் என் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார்.

"பாக்சிக், இன்னொரு செருப்பு எங்கே?" என்று மலாயில் கேட்டார். பாக்சிக் என்றால் மாமா.

குனிந்து பார்த்தேன். இடது காலில் செருப்பு இருந்தது. வலது கால் வெறுங்காலாக அந்தப் பளபளப்பான தரையில் நின்றுகொண்டிருந்தது. செருப்பு கார் நிறுத்திய இடத்தில் கவிழ்ந்து கிடப்பது கண்ணாடி வழியாகவே தெரிந்தது.

"இங்கே வருபவர்களின் சட்டையைத்தான் கழற்றுவீர்கள் என்று கேள்விப்பட்டேன்" என்று மலாயில் சொன்னேன். அவர் வாய்விட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு வெளியே போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டு வந்தேன். வெயிலில் தார்த்தரை கொதித்திருக்க வேண்டும்.

அவர்கள் காரைக் கணினியில் இணைத்துப் பார்த்தார்கள். சக்கரங்களைக் கழற்றிப் பார்த்தார்கள். ஓட்டிப் பார்த்தார்கள். மாலையில் அந்தப் பெண் வந்து, நல்ல செய்தி சொல்பவர்களின் முகத்தோடு, பழுது ஏதும் காணப்படவில்லை என்றார்.

ஓய்வு பெற்றுப் பல ஆண்டுகளுக்குப் பிறகு அந்தச் சொற்கள் என்னைத் தேடி வந்திருந்தன, நான் கட்டத்தின் மறுபக்கத்தில் இருக்கும்போது. எனக்கும் சர்க்கரை உண்டு, வயது எழுபதைத் தாண்டிவிட்டது. அவர் அடுத்து என்ன கேட்கப்போகிறார் என்று காத்திருந்தேன். அவர் எதுவும் கேட்கவில்லை. காரைக் கழுவி வைத்திருப்பதாகச் சொல்லிச் சாவியை இரண்டு கைகளாலும் நீட்டினார்.

மகனிடம் தொலைபேசியில், சோதித்துவிட்டார்கள், எல்லாம் சரி என்று சொன்னேன். "அப்படின்னா ஏன் நிக்கலை?" என்று கேட்டான். அவன் பொறியியல் படித்தவன்.

அதற்குப் பிறகு நான் ஓட்டிய ஒவ்வொரு பயணத்திலும் முன்னால் போகும் வண்டிக்கும் எனக்கும் நடுவில் ஒரு பேருந்து நிற்கும் அளவு இடம் விட்டேன். பின்னால் வருபவர்கள் ஹாரன் அடித்தார்கள். கைப்பிரேக்கின் மீது இடது கை எப்போதும் இருந்தது. உள்ளங்கை வியர்த்து அதன் கைப்பிடி பிசுபிசுத்தது. வெள்ளிக்கிழமை மாரியம்மன் கோவிலுக்குப் போன மனைவி அர்ச்சனைத் தட்டிலிருந்து ஓர் எலுமிச்சம்பழத்தை எடுத்து வந்து, குங்குமம் தீற்றி, கார் டேஷ்போர்டில் என் பக்கமாக வைத்தாள். எங்கள் ஊரில் பாதிக் கார்களில் அப்படி ஒரு பழம் இருக்கும். காய்ந்து, சுருங்கி, பாக்கைப்போல இறுகிப்போகும்வரை யாரும் எடுக்க மாட்டார்கள். எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை. ஆனால் நிறுவனமே கைவிட்ட இடத்தில் அம்மனிடம் ஒரு விலை கேட்பது விதிக்கு உட்பட்டதுதான்.

பழம் நன்றாகக் காய்ந்துவிட்ட பிறகு அது மறுபடியும் நடந்தது.

செமிலிங் கடைத்தெருவைத் தாண்டிப் பீடோங் போகும் வழியில் ஓர் இறக்கத்தில் மாடு ஒன்று சாலையின் நடுவில் நின்றது. மிதித்தேன். இந்த முறை பெடல் கல்லாக இருந்தது. பாதிக்கு மேல் இறங்கவே இல்லை. கார் வேகம் குறைந்தும் குறையாமலும் உருண்டு போய்க்கொண்டே இருந்தது. கைப்பிரேக்கை இழுத்தேன். மாட்டின் வால் பானெட்டைத் தட்டும் தூரத்தில் கார் நின்றது. மாடு என்னைப் பார்த்தது, பிறகு புல்லைப் பார்த்தது. என் மனைவி பையை மடியில் அணைத்துக்கொண்டிருந்தாள். இப்போதெல்லாம் அவள் அதைக் காலடியில் வைப்பதில்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன்.

அன்று அவளைக் கொண்டுபோய் விட்டதே பெரும்பாடு. அவசர விளக்கைப் போட்டுக்கொண்டு, சாலையோரமாக, சைக்கிள்கள் முந்திப்போக ஊர்ந்தேன். அவளை இயந்திரத்தில் இணைத்ததும் காரைத் திருப்பிக்கொண்டு பீடோங் பக்கம் ஒரு தனியார் பட்டறைக்குப் போனேன். செம்பனைத் தோட்டத்தின் ஓரத்தில் தகரக்கூரை. நடத்துபவர் ஐம்பதை நெருங்கும் கிறிஸ்தவத் தமிழர். சுவரில் இயேசுவின் படமும் டயர் கம்பெனியின் நாட்காட்டியும் பக்கத்துப் பக்கத்து ஆணிகளில் தொங்கும். இங்கே குளிரூட்டிய அறை கிடையாது. ஏதோ ஒரு பழைய வேனிலிருந்து கழற்றிய இருக்கையில் உட்கார வேண்டும். ஆனால் உங்கள் காரை உங்கள் கண் முன்னாலேயே பிரிப்பார்கள். விலை எழுத்தில் இருக்காது, வாயில் இருக்கும். அது காலையில் ஒன்று, மாலையில் ஒன்று.

"அண்ணே, காடிக்கு என்ன?" என்று காரைச் சுற்றிவந்து கேட்டார்.

"பிரேக் புடிக்க மாட்டேங்குது தம்பி."

"பெடல் கல்லு மாதிரி நின்னுச்சா, இல்ல பஞ்சு மாதிரி உள்ள போச்சா?"

"இன்னிக்குக் கல்லு. மொதல்ல ஒரு தடவ..." யோசித்தேன். "அப்ப ஒண்ணுமே தெரியல."

"ஒண்ணுமே தெரியலன்னா பஞ்சா?"

"பஞ்சுன்னே வச்சுக்க."

"வச்சுக்க முடியாது லா அண்ணே. கல்லுன்னா ஒரு சாமான், பஞ்சுன்னா வேற சாமான்."

"அப்படின்னா ரெண்டையும் மாத்து."

"இந்த மாதிரி கஸ்டமர் நாலு பேரு இருந்தா நான் எப்பயோ மாடி வீடு கட்டிருப்பேன்" என்று சொல்லிவிட்டு, காரில் ஏறித் தோட்டத்துச் செம்மண் சாலையில் ஓட்டிக்கொண்டு போனார். தூசி அடங்குமுன் திரும்பி வந்தார்.

"வெண்ணெ மாதிரி இறங்குது அண்ணே. இப்ப நல்லா இருக்கு. ஆனா நீங்க சொல்றதப் பாத்தா பிரேக்குக்கு அழுத்தம் குடுக்கிற பூஸ்டர் போகுது. சில நேரம் புடிக்கும், சில நேரம் புடிக்காது. பொண்டாட்டி மாதிரி."

"விலை?"

"புது ஒரிஜினல் வேணுமா, தைவான் வேணுமா, ஹாஃப் கட் வேணுமா?"

ஹாஃப் கட் என்பது ஜப்பானில் ஓடி முடித்த காரை இரண்டாக வெட்டி, முன்பாதியைக் கப்பலில் ஏற்றி இங்கே கொண்டுவந்து சாமான் சாமானாக விற்பது. இங்கே பலருடைய கார்களுக்குள் யாரோ ஒரு ஜப்பானியரின் பாதிக் கார் ஓடிக்கொண்டிருக்கிறது. அவர் சொன்ன விலை நியாயமாகத்தான் இருந்தது. "இதையே கம்பெனில போய்க் கேட்டுப் பாருங்க. நாலு மடங்கு போடுவான்" என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்று காரை எடுத்துக்கொண்டேன். டேஷ்போர்டில் எலுமிச்சம்பழம் தன் இடத்தில் ஒழுங்காக உட்கார்ந்திருந்தது.

நாலு மடங்கு என்பது சற்றுக் குறைவாகச் சொன்னது. சேவை மையத்தில், அதே வாடிக்கையாளர் அதே புகாரோடு இரண்டாம் முறை வந்தால் அவர்களுடைய நடைமுறை வேறு. கழற்றிப் பார்த்துச் சின்ன ரப்பரை மாற்றும் வேலை அங்கே இல்லை. பூஸ்டர், மாஸ்டர் சிலிண்டர், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் மின்னணுப் பெட்டி எல்லாவற்றையும் முழுத் தொகுதியாக மாற்றுவார்கள். அந்தப் பெண் விலையைச் சொல்லுமுன் ஒரு கோப்பை காப்பி கொண்டுவந்து வைத்தார். என் இரண்டு மாத ஓய்வூதியத்தை அது கேட்டது.

சரி என்றேன். யோசிக்கக்கூட இல்லை.

பீடோங்காரர் கெட்டிக்காரர் இல்லை என்பதால் அல்ல. அவர் மாற்றினால் பிரேக் சரியாகலாம். ஆனால் அவர் தரும் ரசீது சிகரெட் அட்டையின் பின்பக்கத்தில் இருக்கும். சேவை மையம் தரும் காகிதத்தில் கார்தான் பழுது என்று முத்திரையோடு இருக்கும். அதை மகனுக்கு அனுப்பலாம். அதைவிட முக்கியம், நானே எடுத்துப் படிக்கலாம். கார் பழுதானால் விலை உண்டு. நானே பழுது என்றால் அதற்கு நான் கேட்க விரும்பாத ஒரு விலை உண்டு என்ற சந்தேகம் அந்தச் சமிக்ஞை விளக்கிலிருந்து என்னோடு காரில் வந்துகொண்டிருந்தது. அதை இறக்கிவிட இரண்டு மாத ஓய்வூதியம் மலிவு.

காரை எடுத்தபோது உள்ளேயும் வெளியேயும் கழுவியிருந்தார்கள். பழம் தன் இடத்தில் இருந்தது. கண்ணாடியைத் துடைத்தவர் அதற்கடியிலும் துடைத்திருந்தார். ஒரு சில நாள் நான் உண்மையாகவே நிம்மதியாக ஓட்டினேன். முன்னால் போகும் வண்டியை நெருங்கினேன். மனைவியிடம், "புது பிரேக் எப்படிப் புடிக்குது பாத்தியா?" என்றேன்.

"ம்" என்றாள். பை மடியில்தான் இருந்தது.

மூன்றாவது முறை டயாலிசிஸ் மையத்தின் வாசலிலேயே நடந்தது. நுழைவாயிலில் ஒரு சிறிய ஏற்றம், பிறகு இறக்கம். இறக்கத்தின் முடிவில் ஒரு நீண்ட பெஞ்சு. முதல் சுற்று முடிந்தவர்கள் கையில் கட்டோடு அதில் உட்கார்ந்து தங்கள் வண்டிகளுக்காகக் காத்திருப்பார்கள். ஒரு சீனக் கிழவர், ஒரு மலாய்த் தம்பதி, சக்கர நாற்காலியில் ஒரு தமிழ் அம்மா. நான் மிதித்தேன். பெடல் கல்.

அவர்கள் முகங்கள் பெரிதாகிக்கொண்டே வந்தன. எழுந்து ஓடக்கூடியவர் அந்த வரிசையில் யாரும் இல்லை. எனக்குக் கைப்பிரேக் நினைவே வரவில்லை. அதைப் பிடித்திருக்கும் பழக்கத்தை, புது பிரேக் வந்ததும், விட்டிருந்தேன். என் மனைவிதான் இழுத்தாள், ஊசி ஏறும் கையால்.

கார் நின்றது. சீனக் கிழவர் தன் கால்களை மெதுவாகப் பெஞ்சுக்கடியில் இழுத்துக்கொண்டார். யாரும் திட்டவில்லை. இரத்தம் சுத்தமாகி வந்த களைப்பில் இருந்தார்கள்.

தாதியர் ஓடிவந்து மனைவியை உள்ளே அழைத்துப்போனார்கள். என்ஜினை நிறுத்திவிட்டு நான் இருக்கையிலேயே இருந்தேன். எல்லாம் புதுச் சாமான். கணினி பார்த்துவிட்டது, நிறுவனம் பார்த்துவிட்டது. இனிமேல் எழுத ஒரே ஒரு சொல்தான். கடைசியில், எதற்கென்று தெரியாமல், கதவைத் திறந்து இறங்கி, முழங்காலிட்டு, பெடல்களுக்குக் கீழே தலையைவிட்டுப் பார்த்தேன்.

பிரேக் பெடலுக்குப் பின்னால், தடித்த தரைவிரிப்பு சுருண்டிருந்த மடிப்பின் மேல், காய்ந்து கறுத்த எலுமிச்சம்பழம் இறுகி மாட்டியிருந்தது. குங்குமம் இன்னும் இருந்தது.

தரையில் உட்கார்ந்து சிரித்தேன். டேஷ்போர்டிலிருந்து உருண்டு விழுந்திருக்கிறது. மிதித்தால் முன்னுக்கு ஓடிப் பெடலுக்கடியில் புகுந்திருக்கிறது. பீடோங் பட்டறைக்குத் தொலைபேசியில் அழைத்தேன்.

"தம்பி, நீ ஓட்டிப் பாத்தியே, அன்னிக்கு அந்த எலுமிச்சம்பழம் எங்க இருந்துச்சு?"

"கீழ கெடந்துச்சுண்ணே. கால்கிட்ட. எடுத்து மேல வச்சேன்."

"ஏன் வச்ச?"

"சாமி பழம் ஆச்சே. என் சாமி இல்லன்னாலும் ஒரு சாமியோடதுதானே. கால் படுற எடத்துல எப்படி விடறது? ஏண்ணே..." அவர் நிறுத்தினார். "அண்ணே, அதுவா?"

அவர் சிரித்த சிரிப்பில் தொலைபேசியைக் காதிலிருந்து தள்ளிப்பிடிக்க வேண்டியிருந்தது. "கம்பெனிக்காரன் பழத்துக்கா அவ்வளவு காசு வாங்குனான்? நான் பூஸ்டர மாத்திருந்தாலும் இதே கதிதான் லா. ஆனா மலிவா முடிஞ்சிருக்கும்!"

அடுத்து சேவை மையம். ஆலோசகர் கார் கழுவும் பிரிவில் கேட்டுவிட்டு வந்தார். ஆமாம், பாக்சிக், கழுவிய மலாய் இளைஞர் அதைத் தரையில் பார்த்து எடுத்து வைத்திருக்கிறார். உங்கள் வழிபாட்டுப் பொருள் என்று அவருக்குத் தெரியும், தூக்கிப்போட அவருக்கு மனம் வரவில்லை. அதை என்ன செய்ய வேண்டும் என்று எங்களிடம் விதி எதுவும் இல்லை என்றார். விதி இல்லாத இடத்தில் ஒரு மனிதர் நாகரிகமாக நடந்துகொண்டால் அதைக் குறை சொல்ல எனக்கும் விதி இல்லை. மூன்று மதத்துக்காரர்களும் சேர்ந்து அந்தப் பழத்துக்குக் காட்டிய மரியாதையில் நான் செத்திருக்க வேண்டியது.

"நான் வந்த இரண்டு முறையும் கீழே கிடந்ததா?" என்று கேட்டேன்.

"இல்லை, பாக்சிக். முதல் முறை நீங்கள் வந்தபோது காரில் பழமே இல்லை என்கிறார்."

நன்றி சொல்லி வைத்தேன். சிரிப்பு வாயில் இருந்தது, ஆனால் வேறு யாருடையதோபோல இருந்தது. எழுந்து உள்ளே போனேன். மனைவி சாய்நாற்காலியில் கண் மூடியிருந்தாள். குழாய்களில் சிவப்பாக ஓடிக்கொண்டிருந்தது.

"அந்தப் பழத்த மொதல்ல எப்ப வச்ச?" என்று கேட்டேன்.

கண்ணைத் திறக்காமலே சொன்னாள். "லைட்டுகிட்ட புல்லு மேல ஏறினோமே. அதுக்கடுத்த வெள்ளி."

கல் இரண்டு முறை. அதற்குப் பழம் பொறுப்பு. முதல் முறை கல் இல்லை, பஞ்சும் இல்லை, ஒன்றுமே தெரியவில்லை. என்ஜின் உறுமியது. பிரேக்கை மிதித்தால் எந்த என்ஜினும் உறுமாது. இத்தனை ஆண்டு வாகனக் கோப்பு பார்த்தவன் இதை எழுதாமலேயே கடந்திருக்கிறேன். கீழே குனிந்து என் பாதங்களைப் பார்த்தேன். இரண்டிலும் செருப்பு இருந்தது. பார்த்ததால்தான் தெரிந்தது.

அன்று வீட்டுக்கு ஓட்டி வந்த வழியை நான் மறக்கப்போவதில்லை. ஒவ்வொரு முறை பிரேக்கை மிதிக்குமுன்னும் குனிந்து கால் எங்கே இருக்கிறது என்று பார்த்தேன். சாலையைப் பார்த்தால் கால் தெரியவில்லை. காலைப் பார்த்தால் சாலை தெரியவில்லை. பின்னால் ஒரு செம்பனை லாரி, குலைகளை ஏற்றிக்கொண்டு, கண்ணாடி நிறைய வந்தது. செமிலிங் வந்து சேர்ந்தபோது என் சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது.

மறுநாள் காலை பீடோங் அரசாங்க மருத்துவ நிலையத்துக்குப் போனேன். வேறு வழியில்லை, நானேதான் ஓட்டினேன். மனைவி கூட வருகிறேன் என்றாள். காரிலேயே இருக்கிறேன், உள்ளே குளிரும் என்றாள். மருத்துவர் தமிழ்ப் பெண், என் மகனைவிடச் சின்னவர். கையில் ஒரு பேனா அளவு பிடி, அதன் நுனியில் மீன்பிடி நரம்புபோல ஒரு நைலான் இழை.

"கண்ண மூடிக்குங்க அங்கிள். பாதத்துல இதால தொடுவேன். தொடுறது தெரிஞ்சா 'ஆமா'ன்னு சொல்லணும். அவ்வளவுதான்."

இந்தச் சோதனையின் நடைமுறை எனக்குத் தெரியும். முந்தைய இரவே படித்துவிட்டு வந்திருந்தேன். ஒழுங்கான இடைவெளியில் தொடுவார்கள். தெரிகிறதோ இல்லையோ, அந்த இடைவெளியைக் கணக்கிட்டால் போதும். செமிலிங் வீடு, சுங்கைப் பட்டாணித் தாதியர், மனைவியின் நரம்பு எல்லாம் அந்தக் கணக்கில் இருந்தன. கண்ணை மூடினேன்.

"ஆமா" என்றேன்.

பதில் இல்லை.

"ஆமா" என்றேன், கொஞ்சம் உறுதியாக.

"அங்கிள்," என்றார் அவர், மிகவும் மெதுவாக, "நான் இன்னும் தொடவே இல்ல."

மீதிச் சோதனையை நான் நேர்மையாகச் செய்தேன். இடது காலில் சில இடங்களில் தெரிந்தது. வலது காலில் தெரியவில்லை. அவர் கேட்டார், கார் ஓட்டுகிறீர்களா என்று. எப்படி வந்தேன் என்று சொன்னேன். அவர் அந்தப் பிடியை மேசையில் வைத்துவிட்டு, இனி ஓட்டக்கூடாது என்றார். திரும்பிப் போவதற்கும்.

வெளியே வந்து காரில் உட்கார்ந்தேன், பழக்கத்தில் ஓட்டுநர் பக்கமே. சாவியைப் போடவில்லை. மனைவி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கால்ல உணர்ச்சி இல்லையாம்" என்றேன். "பிரேக் எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு. காசுதான் வீண். அந்தப் பழமும் வீண்."

"பழம் என்ன வீணு?"

"காடிக்கு ஒண்ணுமில்லையே."

"காடிக்கா வச்சேன்?" என்றாள். "உங்களுக்கு வச்சேன். செருப்பு இல்லாம பாசார்ல கடை கடையாச் சுத்திட்டு வருவீங்க. எத்தன தடவ நான் பின்னாடியே எடுத்துட்டு வந்திருக்கேன்."

"அப்ப ஏன் சொல்லல?"

அவள் பையின் வாரைச் சரிசெய்தாள். "சொன்னா கோலாலம்பூர் போகணுமே."

அவளும் பயந்திருக்கிறாள், என்னைப் போலவே, அதே காரணத்துக்கு, பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து. ஒன்று விட்டு ஒரு நாள் என் காலை நம்பி ஏறியிருக்கிறாள், அதை நம்ப முடியாது என்று தெரிந்தும்.

பீடோங் பட்டறைக்காரரை அழைத்தேன். யாரோ ஒருவரின் மோட்டார் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து வந்து இறங்கினார். சேதியைக் கேட்டதும் சிரிக்கவில்லை. என்னைப் பக்கத்து இருக்கைக்கு மாறச் சொன்னார், மனைவியைப் பின்னால். சாவியை வாங்கிக்கொண்டு, "அண்ணே, இதுக்கு ஹாஃப் கட் கெடைக்காது" என்றார். செமிலிங் வரை அவரே ஓட்டிவந்தார். கூலி வாங்கவில்லை.

மகனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் வந்தான், ஒரு நாள் முழுக்க வாதாடினான், அவன் அம்மாவிடம் தோற்றான். இப்போதைக்குத் தோற்றிருக்கிறான் என்றுதான் சொல்ல வேண்டும். அடுத்த தெருவில் முன்பு பள்ளி வேன் ஓட்டிய ஓர் அக்கா இருக்கிறார். மாதச் சம்பளத்துக்கு அவர்தான் எங்கள் காரை ஓட்டுகிறார். அவருக்கு ஒரு நாள் உடம்பு சரியில்லை என்றால் எங்களுக்கு வேறு வழி இல்லை. காலையில் அவருடைய மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்கும்வரை நானும் மனைவியும் வாசலைப் பார்த்துக்கொண்டிருப்போம். டேஷ்போர்டில் இப்போது பழம் வைப்பதில்லை. கண்ணாடிக்குக் கீழே நூலில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறாள்.

அந்த அக்கா வேகமாகத்தான் ஓட்டுகிறார். நான் இடப்பக்கம் உட்கார்ந்திருக்கிறேன். அந்தச் சமிக்ஞை விளக்கு நெருங்கும்போது, முன்னால் மோட்டார் சைக்கிள் நின்றால், என் கால் தானாக நீண்டு வெறும் தரையை மிதிக்கிறது. மிதிக்கிறது என்றுதான் நினைக்கிறேன். குனிந்து பார்த்தால்தான் தெரியும்.